வண்டு வராத சீத்தாத் தோட்டம்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசிக்கொண்டிருக்கும்போதே நான் போனை வைத்துவிட்டேன். சிக்னல் போய்விட்டது என்று நினைத்திருப்பாய். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. ஆவணியில் கல்யாணம், அதற்கு முன்னால் சிநேகிதனோடு சேர்ந்து கோயம்புத்தூரில் ஒரு மனை வாங்குகிறோம், லோன் சுலபமாகக் கிடைக்கும் என்பதால் இப்போதைக்கு அவன் பெயரில் பதிந்துகொள்கிறோம், பிறகு பாதியை என் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றாய். நான் ஏதோ கேட்க வாயெடுத்தபோது, "அவன் அப்படிப்பட்டவன் இல்லம்மா" என்றாய். இதே வார்த்தையை இதே குரலில் உன் அப்பா நம் குவார்ட்டர்ஸ் சமையலறை வாசலில் நின்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு நான் பேசாமல் இருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை பேசாமல் இருக்க முடியாது என்று தெரிந்துதான் போனை வைத்தேன். அதன் பிறகு நீ வாட்ஸப்பில் அனுப்பியிருந்தாய்: 'கலியமூர்த்தி சித்தப்பா விஷயத்தை இன்னும் மனசுல வச்சிருக்கியா, மறந்துடும்மா.' மறக்கச் சொல்கிறாயே, உனக்குத் தெரிந்தது அதில் கால் பங்குகூட இல்லை. மீதியை இப்போது எழுதுகிறேன். நடுவில் எங்காவது என் அம்மாவா இப்படிச் செய்தாள் என்று தோன்றினால் தோன்றட்டும். கடைசிவரை படி.

அப்பாவும் கலியமூர்த்தியும் மைன்ஸில், கரியை மேலே கொண்டுவரும் பெல்ட் பிரிவில், ஒரே ஷிப்ட்டில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தவர்கள். ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள் என்று சொன்னால் வெறும் பேச்சாகத் தோன்றும். நான் கட்டிக் கொடுத்த சாம்பார் சாதத்தில் பாதி அந்த ஆளுக்குத்தான் போனது. உனக்கு நாலு வயசிருக்கும்போது ஊர் ஓரத்தில் இரண்டு ஏக்கர் செம்மண் விலைக்கு வந்தது. அப்பாவுக்கு நிலம் என்றால் பைத்தியம். அவருடைய அப்பாவும் தாத்தாவும் அந்தச் சுற்றுவட்டாரத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்று பிடுங்கியே செத்தவர்கள். தனக்கென்று ஒரு காணி வேண்டும் என்று அவருக்கு ஒரு வெறி இருந்தது. ஆனால் நிலத்துக்காரர் எங்களைத் தெருவில் நிற்க வைத்தே பேசினார். "காலனி ஆளுக்கு எழுதிக் குடுத்தா நாளைக்கி ஊர்ல எனக்கு என்னா மரியாதை இருக்கும்? வேற எடம் பாருங்க" என்றார். திரும்பி வரும் வழியில் கலியமூர்த்திதான் சொன்னார்: "எம் பேர்ல வாங்கிக்கலாம்ணே. ஆளுக்குப் பாதி போடுவோம். நான் என்னா ஓடியா போயிடப் போறேன்?" அன்று சாயங்காலம்தான் அப்பா சமையலறை வாசலில் நின்று அந்த வார்த்தையைச் சொன்னார்.

சீத்தாக் கன்று வைப்போம் என்றது நான். அந்த மண்ணுக்குத் தண்ணீர் அதிகம் கேட்காத மரம் அதுதான். நூற்றைம்பது கன்று வைத்தோம். நீயும் வாளி தூக்கினாய். உனக்கு ஞாபகம் இருக்காது. நாலாம் வருஷம் பூத்துக் குலுங்கியது. சீத்தாப்பூவை நீ கவனித்திருப்பாயோ என்னவோ. யாரும் கவனிக்க மாட்டார்கள். இலைக்கு அடியில் பச்சையாகத் தொங்கும், மூன்றே இதழ், தோல் மாதிரித் தடிமன். பூ என்று சொன்னால்தான் பூ. அவ்வளவு பூத்தும் ஒரு மரத்துக்கு நாலு காய்கூட நிற்கவில்லை. அடுத்த வருஷமும் அப்படித்தான். தேனீ பக்கத்து முந்திரியில் மொய்த்துக்கொண்டிருந்தது. நம் மரத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்பா உரம் மாற்றிப் பார்த்தார். கலியமூர்த்தி கோழி அறுத்துப் பொங்கல் வைத்தார். நான் தினமும் பஸ் ஏறிப் போய், விழுந்த இலை, அழுகிய காய் எல்லாவற்றையும் கூட்டி அள்ளிக் கொட்டித் தோட்டத்தை வீட்டு முற்றம் மாதிரி வைத்திருந்தேன். அந்தச் சுத்தம்தான் கெடுத்தது என்பது எனக்கு அப்போது தெரியாது.

பூக்கத் தொடங்கிய மூன்றாம் வருஷம் எனக்கு மஞ்சள்காமாலை வந்தது. இரண்டு மாதம் படுக்கையில் கிடந்தேன். தோட்டத்துப் பக்கம் போக முடியவில்லை. அந்தச் சமயம் பார்த்து, பலாப்பழ வியாபாரி ஒருவன் சந்தையில் மிஞ்சிய அழுகலையெல்லாம் வேலிக்கு இந்தப் பக்கம் கொட்டிவிட்டுப் போயிருந்தான். நான் எழுந்து நடமாடத் தொடங்கி முதன்முதலாகப் போன அன்று தோட்டமே நாறிக்கொண்டிருந்தது. அள்ளுவதற்குத் தெம்பில்லாமல் ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். வெயில் இறங்கும் நேரம். தலைக்கு மேல் வேறொரு வாசனை வந்தது. கனிந்த வாழைப்பழத்தையும் புளித்த அன்னாசியையும் சேர்த்துப் பிசைந்த மாதிரி. மூக்கை வைத்துப் பார்த்தேன், அந்தப் பச்சைப் பூவிலிருந்துதான் வந்தது. இதழ் லேசாக விலகியிருந்தது. விரலால் பிரித்தேன். உள்ளே எள்ளைவிடக் கொஞ்சம் பெரிதாக, பழுப்பு நிறத்தில் ஆறேழு வண்டு. அடுத்த பூவிலும் இருந்தது. கீழே அழுகிக் கிடந்த பலாச்சுளையைக் கிளறினேன், அதில் அதே வண்டு நூற்றுக்கணக்கில். அந்த வருஷம் கிளை தாங்காமல் காய்த்தது.

நீ பிளஸ் ஒன் படிக்கும்போது உன் பயாலஜி டீச்சரிடம் கேட்டு வந்து எனக்குப் படம் போட்டுக் காட்டினாயே, அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. சீத்தாப்பூ முதலில் பெண்ணாகத் திறக்கும். அப்போது அதன் மகரந்தம் தயாராக இருக்காது. பழ வாசனையைக் காட்டி வண்டை உள்ளே இழுக்கும். வண்டு கனிந்த பழம் என்று ஏமாந்து போய் உள்ளே தங்கிவிடும். மறுநாள் அதே பூ ஆணாக மாறி மகரந்தத்தைக் கொட்டும். வண்டு உடம்பெல்லாம் தூளைப் பூசிக்கொண்டு வெளியே வந்து, புதிதாக மணக்கும் இன்னொரு பூவுக்குள் நுழையும். இந்தப் பூவுக்குத் தேனீ ஆகாது, வண்ணத்துப்பூச்சி ஆகாது, அந்த எள்ளு வண்டு ஒன்றுதான். அந்த வண்டு குடித்தனம் நடத்துவதோ அழுகிய பழத்தில். நீ படத்துக்கு அம்புக்குறியெல்லாம் போட்டிருந்தாய். அதற்குப் பிறகு நான் வருஷா வருஷம் பலா அழுகலைக் கேட்டு வாங்கி மரத்துக்கு மரம் குவியல் போட்டேன். கலியமூர்த்தி தோட்டத்துக்கு வந்தால் மூக்கைப் பொத்திக்கொள்வார். "என்னாங்க அண்ணி, குப்பமேடு மாதிரி வச்சிருக்கீங்க?" என்பார். எரு என்று சொல்லிவைத்தேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது. உன் அப்பாவிடம் மட்டும் சொல்லியிருந்தேன்.

இரண்டாயிரத்துப் பத்தில் அதுவரை இல்லாத காய்ப்பு. அந்தக் காய்ப்புதான் கலியமூர்த்தியின் அண்ணன்மார் கண்ணில் பட்டது. "உம் பேர்ல கெடக்கற நெலத்துல அந்தாளுக்கு என்னாடா வேல?" என்று கேட்டிருக்கிறார்கள். ஒரு வாரம் கலியமூர்த்தி அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எட்டாம் நாள் அப்பாவுக்கு வீக்லி ஆஃப். காலையிலேயே போய்ப் பழம் பறித்துக்கொண்டிருந்தார். அந்த அண்ணன்மாரோடு நாலைந்து பேர் வந்து பிடித்துக்கொண்டார்கள். திருடன் என்றார்கள். மத்தியானம் வரை மோட்டார் கொட்டகைத் தூணில் கட்டிவைத்திருந்தார்கள். முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் வரும் நேரம் பார்த்து, அவர் பறித்த பழத்தை ஒரு பையில் போட்டு அவர் கழுத்திலேயே மாட்டி, ரோட்டுக்கு நடத்திக்கொண்டு வந்து நிறுத்தினார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் எல்லாரும் அவரோடு வேலை பார்க்கிறவர்கள். "சீத்தாப்பழம் திருட வந்தான்" என்று கலியமூர்த்தியின் அண்ணன் சொன்னான். அப்பா, அவர்களோடு நின்ற கலியமூர்த்தியைப் பார்த்து, "நீ சொல்லு கலியா" என்றார். கலியமூர்த்தி தரையைப் பார்த்துக்கொண்டு, "இது என் தோட்டம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நீ அப்போது காலேஜ் சேர்ந்து ஹாஸ்டலில் இருந்தாய். நிலத்தில் ஏதோ தகராறு, விட்டுவிட்டோம் என்று மட்டும் உனக்குச் சொன்னோம். பையைப் பற்றிச் சொல்ல வேண்டாம் என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கினார். அந்தச் சத்தியத்தை இன்றைக்கு உடைக்கிறேன்.

அதற்குப் பிறகு உன் அப்பா கம்பெனி பஸ்ஸில் ஏறவே இல்லை. நெஞ்சு வலியோடு ஆறு மைல் சைக்கிள் மிதித்தார். கேன்டீனில் யாரோடும் உட்காருவதில்லை. வீட்டுக்கு யாராவது சீத்தாப்பழம் கொண்டுவந்தால் எழுந்து பின்பக்கம் போய்விடுவார். மூன்று வருஷம் அப்படி இருந்து போய்ச் சேர்ந்தார். மாரடைப்பு என்று எழுதினார்கள், நீயும் அதை நம்பினாய். சாவுக்குக் கலியமூர்த்தி வந்து பிளாக் முனையில் நின்றுவிட்டுத் திரும்பிப் போனதாக யாரோ சொன்னார்கள். உள்ளே வந்திருந்தால் அடுப்புக் கட்டையை எடுத்திருப்பேன். வரவில்லை, நல்லவேளை. அடுப்புக் கட்டையோடு என் ஆத்திரம் தீர்ந்துபோயிருக்கும்.

நிலம் கைக்கு வந்ததும் கலியமூர்த்தி செய்த முதல் வேலை, என் பலாக் குவியல்களை அள்ளி லாரியில் ஏற்றியதுதான். அடுத்த வருஷக் கடைசியில் வந்த புயலில் அவர்கள் குடும்பத்துப் பலா, முந்திரி எல்லாம் வேரோடு சாய்ந்தன. சீத்தா குட்டை மரம் என்பதால் தப்பித்தது. அந்தக் குடும்பமே அதை நம்பித்தான் இருந்தது. மரம் பூத்தது. காய் நிற்கவில்லை. இரண்டு வருஷம் பார்த்தார்கள். அப்பா இறந்த மறு வருஷம், நான் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு டவுன்ஷிப்புக்கு வெளியே இந்த வீட்டுக்குக் குடிவந்த பிறகு, ஒரு நாள் அஞ்சலை வந்தாள். கலியமூர்த்தியின் மனைவி. உனக்குச் சின்ன வயசில் எள்ளுருண்டை கொண்டுவருவாளே, அவள்தான். வாசலோடு நின்றாள். உள்ளே வா என்று நான் சொல்லவில்லை.

"அக்கா, நான் வந்தது அவருக்குத் தெரியாதுங்க. மரம் பூத்துப் பூத்துக் கொட்டிடுது. நீங்க இருந்தப்போ எப்பிடிக் காச்சுது? என்னா பண்ணுவீங்க?"

அவள் கேட்டு முடிப்பதற்குள் எனக்குப் பதில் வந்துவிட்டது. யோசித்துச் சொன்னதாக நினைக்காதே. பல வருஷமாக மனப்பாடம் செய்து வைத்திருந்த மாதிரி வந்தது. "சுத்தமா வச்சுக்க அஞ்சல. ஒரு அழுகல், ஒரு சருகு தரையில இருக்கக் கூடாது. பூவுக்குள்ள சின்னதா ஒரு வண்டு இருக்குது பாரு, அதுதான் எல்லாத்தையும் தின்னுடுது. பூ எடுக்கற மாசம் பூரா மருந்தடி. பொழுது சாயறப்போ அடி. அப்பதான் அது வரும்" என்றேன். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். "நீங்க நல்லா இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். கதவைச் சாத்திவிட்டு உன் அப்பா படத்துக்கு முன்னால் நின்றேன். சிரித்தேன்.

அந்த வருஷமும் அடுத்த வருஷமும் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதை உன்னிடம் மறைக்கப் போவதில்லை. பஸ்ஸில் போகும்போது அந்த வேலிப் பக்கமாகப் போகிற ஜன்னலில் இடம் பிடிப்பேன். கூட்டி மெழுகிய மாதிரித் தரை. மரம் நிறையப் பூ. ஒரு காய் இல்லை. அந்தப் பூவெல்லாம் சாயங்காலத்தில் வாசனையைப் பரப்பிக்கொண்டு காத்திருந்திருக்கும், வண்டு செத்துக் கிடந்திருக்கும். கலியமூர்த்தி போர்வெல் இறக்கினார், ஆகவில்லை. யாரையோ கூட்டிவந்து மண்ணைப் பார்த்தார், மண்ணில் குறையில்லை என்றார்கள். குறி கேட்கப் போனார். ஒவ்வொன்றும் என் காதுக்கு வரும். அன்றைக்கு ஒரு கரண்டி நெய் கூட ஊற்றிச் சாப்பிடுவேன்.

இப்போது நான் செய்த தப்பைச் சொல்கிறேன். மருந்தடிக்க ஆள் கிடைக்காத வருஷத்தில் அஞ்சலையே டேங்க்கை முதுகில் கட்டிக்கொண்டு அடித்திருக்கிறாள். முகத்துக்கு வெறும் முந்தானை. சாயங்காலக் காற்று எதிரில் அடித்திருக்கிறது. நாலாம் நாள் வரப்பிலேயே விழுந்துவிட்டாள். வாந்தி, உடம்பெல்லாம் வேர்வை, கண் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் பத்து நாள். செய்தி கேட்டு நான் போனேன். கலியமூர்த்தி டீ குடிக்கப் போயிருந்தார். அஞ்சலை என்னைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்றாள். கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

"நீங்க சொன்ன மாதிரியேதாங்க வச்சிகினு இருந்தேன்" என்றாள். "ஒரு சருகு இல்ல. தெனம் பொழுது சாய அடிச்சேன். ஏன்னே தெரியலக்கா, நிக்க மாட்டேங்குது."

தம்பி, நான் எறிந்த கல் யார் மேல் விழுந்திருக்கிறது என்று அப்போது பார்த்தேன். அந்தக் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வாசனை, வண்டு, பலா அழுகல், நான் சொன்ன பொய், அந்தப் பொய்க்குக் காரணம். அவள் கத்துவாள், என் மயிரைப் பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். பிடித்திருந்தால் தலையைக் கொடுத்திருப்பேன். அவள் தண்ணீர் கேட்டாள், கொடுத்தேன்.

"அன்னிக்கி அண்ணன் கழுத்துல மாட்டுனாங்களே ஒரு பை" என்றாள். "அத வூட்லேர்ந்து எடுத்தாரச் சொன்னது என்னையத்தாங்க. எதுக்குன்னு தெரிஞ்சும் எடுத்தாந்து குடுத்தேன். குடுக்க மாட்டேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்னையும் அடிச்சிருப்பாரு. அடிச்சா என்னா, அதுக்கு முன்ன அடிக்காத அடியா? அதுக்காவது சொல்லியிருக்கலாம்."

வராந்தாவில் கலியமூர்த்தியின் செருப்புச் சத்தம் கேட்டது. நான் எழுந்தேன். அஞ்சலை என் கையைப் பிடித்து இழுத்துக் காதோடு சொன்னாள்: "அவருகிட்ட சொல்லாதீங்க. நானும் சொல்ல மாட்டேன். கெடக்கட்டும்."

சொன்னபடியே இருந்தாள். நாலு வருஷம் ஒரு வார்த்தை மூச்சு விடவில்லை. மருந்து மட்டும் அடிக்க மாட்டேன் என்றுவிட்டாள். கலியமூர்த்தி கூலிக்கு ஆள் பிடித்து அடித்தார். மோட்டார் கொட்டகைக்குப் பின்னால், அவர் கண் போகாத மூலையில் ஒரு மரம் உண்டு. அந்த ஒற்றை மரத்தடியில் வீட்டுக் குப்பையோடு பழத்தோல், பலாச்சக்கை, அழுகிய வாழைப்பழம் எல்லாம் போட்டுவந்தாள். மருந்தடிக்க வரும் ஆளை அந்தப் பக்கம் விடுவதில்லை. அது மட்டும் காய்த்தது. கலியமூர்த்தி அதைப் பார்த்துவிட்டு, அங்கே தண்ணி தேங்குது, அதான் காய்க்குது என்றாராம். இவள் ஆமாம் என்றாளாம். வருஷா வருஷம் புரட்டாசியில் அந்தப் பழத்தைப் பையில் போட்டு, குறிஞ்சிப்பாடிக்குப் போகிற சாக்கில் என்னிடம் கொண்டுவந்து கொடுப்பாள். நீ ஆயுத பூஜை லீவுக்கு வரும்போதெல்லாம் சாப்பிட்டாயே, எந்தக் கடையில் வாங்கினாய் இவ்வளவு இனிப்பாக என்று கேட்டாயே, அது எந்தக் கடையிலும் வாங்கியது இல்லை. உன் அப்பா நட்ட மரம்.

அதனால் அந்த மனையை உன் பெயரிலோ, வரப்போகிற அந்தப் பெண்ணின் பெயரிலோ பதிவு செய். முடியாவிட்டால் விட்டுவிடு. உன் சிநேகிதன் நல்லவனாக இருக்கலாம். கலியமூர்த்தியும் அத்தனை வருஷம் நல்லவராகத்தான் இருந்தார். ஒருவன் எப்படிப்பட்டவன் என்பது அவனுடைய அண்ணன் தம்பிகள் சுற்றி நின்று கேட்கும்போதுதான் தெரிகிறது. அதற்குள் பத்திரம் அவன் கையில் இருக்கும். இன்னொன்று. உனக்கு யாராவது துரோகம் செய்தால் மன்னித்துவிடு என்று நான் சொல்ல மாட்டேன், எனக்கு வராததை உனக்கு எப்படிச் சொல்லித்தருவேன். செய்தவன் முகத்துக்கு நேராகச் செய். அவன் வீட்டுப் பெண்ணின் காதில் விஷத்தை ஊற்றி அனுப்பாதே. அஞ்சலை இன்றைக்கும் காபித் தம்ளரை இரண்டு கையால் பிடித்துத்தான் குடிக்கிறாள். அதை நான் பார்க்கும்போதெல்லாம் கலியமூர்த்தி மேல் இருக்கும் ஆத்திரம் குறைவதில்லை. என் மேலும் கொஞ்சம் சேர்கிறது, அவ்வளவுதான்.

போன மாதம் நடந்ததைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். ஒரு காலை பத்து மணி இருக்கும். கேட் தட்டும் சத்தம் கேட்டுப் போனால் கலியமூர்த்தி நிற்கிறார். ரிட்டயர் ஆகி இரண்டு வருஷத்தில் பாதியாகிவிட்டிருந்தார். முழங்கால் வீங்கியிருந்தது. அஞ்சலை தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதிரே டீக்கடை பெஞ்சில் வழக்கம்போல் பழைய மைன்ஸ் ஆட்கள் ஏழெட்டுப் பேர் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் மூன்று பேராவது அன்றைக்கு அந்த பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள்.

"அண்ணி" என்றார். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அந்த வாய் என்னை அண்ணி என்றது. "எட்டு வருசமா தோட்டம் காய்க்கல. போன வாரம் குறி சொல்றவங்க சொல்லிட்டாங்க. தாலியறுத்தவ கண்ணீரு அந்த மண்ணுல கெடக்குதாம். நீங்க என்னா பண்ணியிருந்தாலும் எடுத்துடுங்க. கையெடுத்துக் கேக்கறேன்."

செய்வினை வைத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வந்திருக்கிறார்! எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு கேட்டைத் திறந்து தெருவுக்கே வந்தேன். டீக்கடைக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னேன்: "எடுக்கறேன். எட்டு வருஷமா ஏன் காய்க்கலங்கறதையும் சொல்றேன். நீங்க ஒண்ணே ஒண்ணு சொல்லணும். அன்னிக்கி பஸ்ஸுக்கு முன்னாடி நின்னு இது என் தோட்டம்னு சொன்னீங்கல்ல? இன்னிக்கி இவங்க முன்னாடி, அது அவர் தோட்டம், அவர் திருடல, நாந்தான் திருடினேன்னு சொல்லுங்க. சொன்ன உடனே எடுத்துடறேன்."

டீக்கடையில் பேப்பர் மடிக்கும் சத்தம் நின்றுவிட்டது. கலியமூர்த்தி "அதெல்லாம் பழைய கதைங்க. எங்க அண்ணனுங்க பண்ணது" என்றார். "உங்க வாயாலதான் கேட்டேன்" என்றேன். தரையைப் பார்த்தார். அன்றைக்குப் பார்த்தாரே, அதே மாதிரி. நானும் கை கட்டிக்கொண்டு நின்றேன். சாயங்காலம் வரைக்கும் நிற்கத் தயாராக இருந்தேன். கடைசியில் தலையை ஆட்டிவிட்டு, "வா, போவலாம்" என்று அஞ்சலையை இழுத்தார்.

அவள் நகரவில்லை. டீக்கடைப் பக்கம் திரும்பினாள். அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. "அது அந்த அண்ணன் தோட்டங்க. அவுரு திருடல. இவுருதான் திருடுனாரு. பை எடுத்தாந்து குடுத்தது நானு."

பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்து நின்றார். கலியமூர்த்தி அவளை அடிக்கக் கையை ஓங்கினார். பிடிமானம் போய்த் தடுமாறிக் கேட்டைப் பிடித்துக்கொண்டார். "ஏண்டி, ஒனக்கென்னா வந்துச்சு? அந்தம்மா எடுக்கறேன்னு சொன்னத நீ கெடுத்துடுவ போலிருக்கே" என்றார்.

"எடுக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க" என்றாள் அஞ்சலை. "மந்திரமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. ஒரு வண்டு. பூ வாசனைக்கு வர்ற வண்டு. நீங்க காசு குடுத்து மருந்தடிச்சுக் கொன்னீங்களே, அதேதான். அது இருந்தா காய்க்கும். எனக்குத் தெரியும். நாலு வருசமாத் தெரியும்."

தம்பி, அப்போது அந்த ஆள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். நான் செய்தது என்று கேட்டிருந்தால் அவருக்கு வலித்திருக்காது. எதிரி செய்வாள் என்று தெரிந்தவர்தான். ஆனால் இவள் ஒரே வீட்டில் சோறு போட்டுக்கொண்டு, ஒவ்வொரு சாயங்காலமும் மருந்தடிக்கும் ஆளுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டு, தெரிந்தே வாய் மூடியிருந்திருக்கிறாள். கலியமூர்த்தி என்னைப் பார்க்கவில்லை. டீக்கடையைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அஞ்சலை அவர் கையைத் தன் தோளிலிருந்து எடுத்துவிட்டு, ஷேர் ஆட்டோவை நிறுத்தி முதலில் ஏறி உட்கார்ந்தாள். அவர் பின்னால் நொண்டிக்கொண்டே போய் ஏறினார்.

டீக்கடையிலிருந்து எழுந்து நின்றவர் என்னிடம் வந்தார். "அன்னிக்கி நான் பஸ்ஸுல இருந்தேம்மா. அவரோட இருபது வருசம் வேல பாத்தவன். நம்பிட்டேன்" என்றார். அழுதார். நான் அழவில்லை. கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே போனேன். மணி பதினொன்றுகூட ஆகவில்லை. காலையில் வடித்த சோறு இருந்தது. கத்தரிக்காய்க் குழம்பு ஊற்றி ஒரு தட்டு சாப்பிட்டேன். போதவில்லை. இன்னொரு தட்டும் போட்டுச் சாப்பிட்டேன்.

பத்திரத்தில் யார் பெயர் என்று முடிவு செய்துவிட்டுப் போன் பண்ணு. அதற்கு முன்னால் பண்ணாதே.

அம்மா